வீட்டில் இருப்பவர்கள் பார்த்தது

காலையில் எழுந்ததும் ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது. எடுத்து முடித்த சிறிது நேரத்தில் தலைவலியும் போய், முகம் தெளிந்து, விளையாடக் கிளம்பிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே நடக்கிறது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, முதல் நாள் சாப்பிட்டதில் குறை சொல்லவும் எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக் கட்டிகளைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஏனென்றால் இந்த நோயைப் பற்றிய எச்சரிக்கை பல வீடுகளில் இப்படித்தான், நோயைப் போலவே தோன்றாத ஒரு வடிவத்தில் வந்து சேர்கிறது.

இதற்கான காரணம் எளிமையானது. மூளைக்குள் உள்ள அறைகளில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது சிறுமூளைக்கு முன்னால் அமைந்திருக்கும் நான்காவது அறையைக் கடந்து வெளியேறி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, ரத்தத்தில் கலக்கிறது. அந்த இடத்தில் கட்டி வளர்ந்து வழியை அடைத்தால் நீர் தேங்குகிறது, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரவெல்லாம் படுத்தே இருப்பதாலும், தூக்கத்தில் மூச்சு மெதுவாகி ரத்தத்தில் கரியமில வாயு சற்றுக் கூடி மூளையின் ரத்தக் குழாய்கள் விரிவதாலும், விடியும் நேரத்தில் அந்த அழுத்தம் மிகுதியாக இருக்கும். எழுந்து உட்கார்ந்து, வாந்தியும் எடுத்த பிறகு அது கொஞ்சம் தணிகிறது. அந்தத் தணிவுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பள்ளிக்குப் போகும் நேரத்துக்குள் குழந்தை சரியாகிவிட்டால், வீட்டில் இருப்பவர்களும் சரி, மருத்துவரும் சரி, வயிற்றில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டுவது இயல்பு.

என் அக்கா மகனுக்கு ஆறு வயதில் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டி இருப்பது தெரியவந்தது. அதற்கு முன் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், அமிலம் சுரப்பதைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் செய்கிறான் என்றும் ஒருவர் சொன்னார். அக்கா வாதாடவில்லை. ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, அவன் எழுந்த நேரம், வாந்தி வந்ததா, தலையில் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறான், எவ்வளவு நேரத்தில் தெளிந்தான் என்று எழுதத் தொடங்கினாள். பிறகு ஒரு மாலையில் அவனைத் தரையில் பதித்த ஓடுகளின் கோட்டின் மேலேயே நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்தாள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோட்டைப் பார்த்துக்கொண்டு மிகவும் சிரத்தையாக நடக்கிறான்; நாலைந்து அடிக்கு ஒருமுறை வலது கால் தானாக விலகிப் போகிறது, உடனே கையை விரித்துத் தன்னைச் சமன்செய்துகொள்கிறான், தலை இடது பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது. "நேரா நட கண்ணா" என்று அக்காவின் குரல் கேட்கிறது. "நேராத்தாம்மா நடக்கிறேன்" என்கிறான் அவன்.

வேறொரு குழந்தை மருத்துவர் அந்த நோட்டை முழுவதும் படித்தார், படத்தை இரண்டு முறை பார்த்தார், பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சும் கருவியால் அவன் விழியின் பின்புறத்தைப் பார்த்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வீங்கித் தெரியும்; தெரிந்தது. அன்றைக்கே ஸ்கேன் எடுக்க அனுப்பினார். இந்த நோயைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்த நோட்டுதான் காரணம். மருத்துவமனையின் எந்தக் கருவிக்கும் முன்னால் ஒரு தாய் உண்மையான மருத்துவச் சான்றைத் திரட்டி வைத்திருந்தாள், ஒரு மருத்துவர் அதைச் சான்றாகவே மதித்தார். இந்த நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பங்கள் அறிந்து வைத்திருப்பதற்கு இந்த மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லி எழுதுவது எளிது, ஆனால் நியாயமல்ல. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக மூளை, தண்டுவடக் கட்டிகளே அதிகம் என்றாலும், மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது அரிய நோய்தான். பொது மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு குழந்தைகளை மட்டுமே இந்த நோயோடு பார்க்கக்கூடும். அவரிடம் வரும் வாந்திகளிலும் தலைவலிகளிலும் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வந்தவை அல்ல. ஆகையால் பயமுறுத்தும் விழிப்புணர்வால் பயனில்லை. எந்த அறிகுறி, எத்தனை நாள், எதனோடு சேர்ந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்லும் விழிப்புணர்வுதான் தேவை.

அப்படிச் செய்து பலன் கண்ட முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் 2011-ல் தொடங்கப்பட்ட ஹெட்ஸ்மார்ட் என்ற இயக்கம், வயதுவாரியாக அறிகுறிகளைச் சிறிய அட்டைகளில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டு சேர்த்தது. அதற்கு முன்பு முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை அந்த நாட்டில் 14 வாரங்களுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அது 7 வாரங்களுக்கும் கீழே வந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லாமல், தெரிந்த விஷயத்தைத் தெரிய வேண்டியவர்களுக்குச் சொன்னதாலேயே அந்தக் காலம் பாதியானது. இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்த வேறொரு முயற்சியை இந்தத் துறையில் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த அட்டைகளில் இருந்தவை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தோ விட்டுவிட்டோ வரும் வாந்தி, குறிப்பாகக் காலை நேரத்தில், அடிக்கடி திரும்பி வரும் அல்லது தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் தலைவலி, நடையில் தள்ளாட்டம், கைகளில் தடுமாற்றம், புதிதாகத் தோன்றும் மாறுகண், கண்மணி தானாக ஆடுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, கழுத்தை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருப்பது, வலிப்பு, குணத்தில் மாற்றம், மிகுந்த சோர்வு. பேசத் தெரியாத கைக்குழந்தையிடம் தலையின் சுற்றளவு வழக்கத்துக்கு மீறி வேகமாக வளரும். வளரும் பிள்ளைகளிடம் உயரம் கூடாமல் நின்றுபோவதும், பருவமடைதல் மிகவும் முந்துவதும் அல்லது பிந்துவதும், தணியாத தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும்கூட மூளையின் அடிப்பகுதியில் உள்ள கட்டியின் அடையாளமாக இருக்கலாம். இவற்றில் ஒன்று தனியாக வந்தால் பெரும்பாலும் வேறு எளிய காரணம் இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலோ, ஒன்றே விடாமல் நீடித்தாலோ, "மூளைக் கட்டி இல்லை என்று எப்படி உறுதி செய்வது?" என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அக்கா மகனுக்கு அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது, கட்டி ஏறத்தாழ முழுவதும் எடுக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தவன் முதல் நாள் ஓரிரு சொற்கள் பேசினான். மறுநாள் பேச்சு நின்றுவிட்டது. வலிக்கிறதா என்றால் பதில் இல்லை, அம்மா என்று கூப்பிடவில்லை, கை கால்கள் துவண்டிருந்தன, யாராலும் தேற்ற முடியாதபடி சத்தமாக அழுதான், அந்த அழுகையில் ஒரு சொல்கூட இல்லை. சிறுமூளைப் பேச்சின்மை என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த நிலை, மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவை செய்துகொள்ளும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வருகிறது. சிறுமூளையிலிருந்து பெருமூளைக்குச் செல்லும் நரம்புப் பாதை அறுவையின்போது பாதிக்கப்படுவதே காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்துப் பேச்சு திரும்பிவிடும், ஆனால் பலருக்குப் பழைய வேகத்தில் அல்ல. இந்த வாய்ப்பைப் பற்றி அறுவைக்கு முன்பே பெற்றோரிடம் விளக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் படிவத்தில் ஒரு வரியாக இருந்தால் போதாது. குழந்தை கண் திறந்து பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பதை முன்னறிவிப்பின்றிச் சந்திக்கும் ஒரு தாய் என்ன ஆவாள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அக்கா அந்த நாட்களில் அவனிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி, செய்யும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள்: போர்வையைத் தள்ளுகிறேன், கால் துடைக்கிறேன், இது தண்ணீர். அவன் உதடுகள் சில நாள் அசைந்தன, ஒலி வரவில்லை. ஒரு காலையில் ரத்தம் எடுக்க வந்தவர் ரப்பர் பட்டையைக் கையில் கட்டியபோது, அடித்தொண்டையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக இழுத்து "வே...ணாம்" என்றான். வந்தவர் பட்டையை அவிழ்த்து, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "சரிப்பா, அப்புறமா வர்றேன்" என்று வெளியே போய்விட்டார். அவர் மீண்டும் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இந்த நோயில் தனியொரு கட்டம். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பெயரை ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இருவர் 1925-ல் வைத்தார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகள் அது ஒரே நோயாகவே கருதப்பட்டது. நுண்ணோக்கியில் ஒரேபோலத் தெரிந்தாலும் மரபணு அளவில் அது குறைந்தது நான்கு வேறு நோய்கள் என்று 2012-ல் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வந்தார்கள். விண்ட் என்ற முதல் வகையில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். மூன்றாம் குழு என்று பெயரிடப்பட்டதில் நிலைமை அதற்கு மிகவும் கீழே. ஆகவே மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பெயரைக் கேட்டதும் இணையத்தில் தேடிப் பிழைக்கும் விகிதத்தைப் பார்க்கும் பெற்றோர், தங்கள் குழந்தைக்குப் பொருந்தாத ஓர் எண்ணைப் பார்த்தே இரவெல்லாம் விழித்திருக்கக்கூடும். எந்த வகை, பரவியிருக்கிறதா, அறுவைக்குப் பின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகே எண்களுக்குப் பொருள் உண்டு. எங்கள் பிள்ளைக்கு நான்காம் குழு, பரவல் இல்லை.

அடுத்தது கதிர்வீச்சு. இந்தக் கட்டியின் செல்கள் மூளை நீரில் மிதந்து தண்டுவடம் வரை போய்விடும் தன்மை கொண்டவை என்பதால், மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு தர வேண்டும். பரவாத நிலையில் அந்த அளவு வழக்கமாக 23.4 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு); கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்து 54 கிரே வரை கொண்டுபோகிறார்கள். வளரும் மூளைக்கு இது என்ன செய்யும் என்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இயன்றவரை கதிர்வீச்சைத் தவிர்த்தோ தள்ளிப்போட்டோ கீமோதெரபியை முன்னிறுத்துவதும் அதனால்தான். அளவைக் குறைக்கக் கூடாதா என்று அக்கா கேட்டாள். எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி அது. ஆய்வாளர்களும் அதையே கேட்டிருக்கிறார்கள். 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளில் 23.4 கிரேக்குப் பதிலாக 18 கிரே கொடுத்துப் பார்த்த அமெரிக்கக் குழுவின் பெரிய சோதனை முடிவு 2021-ல் வெளிவந்தது. அளவு குறைந்த குழந்தைகளில் நோய் திரும்பியது அதிகமாக இருந்தது. ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 83 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாகக் குறைந்தார்கள். அதே சோதனை இன்னொன்றையும் சொன்னது: கூடுதல் கதிர்வீச்சை, சிறுமூளை அமைந்திருக்கும் பின்மூளைக் குழி முழுவதற்கும் கொடுக்கத் தேவையில்லை, கட்டி இருந்த இடத்துக்கும் அதை ஒட்டிய சிறிய ஓரத்துக்கும் கொடுத்தால் போதும். அந்தச் சோதனையில் சேரச் சம்மதித்த குடும்பங்கள் தங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் விழுவான் என்று தெரியாமலேயே சம்மதித்தன. எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது அவர்களால்தான்.

கதிர்வீச்சு நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முகத்தின் அச்சில் செய்த வலைபோன்ற முகமூடியை மேசையோடு பிணைத்து, குழந்தையை அசையாமல் படுக்கவைக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். அவன் முகமூடிக்குப் பச்சை வண்ணம் பூசித் தரச் சொல்லிக் கேட்டு, மயக்க மருந்து இல்லாமலேயே படுத்துக்கொண்டான்.

சிகிச்சை முடிந்தது, ஸ்கேன் தெளிவாக இருக்கிறது என்று சொன்ன நாளில் உறவினர்கள் எல்லோரும் கதை முடிந்ததாக எண்ணினார்கள். மூளைக் கட்டியிலிருந்து மீண்ட குழந்தையின் வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியவைக்க மிகவும் கடினமானது இதுதான். அவன் படித்ததை மறக்கவில்லை. கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: தெரிந்தது அழிவதில்லை, புதியதைக் கற்கும் வேகம் குறைகிறது. மூளையின் வெண்பொருள் எனப்படும் நரம்பிழைகளின் வளர்ச்சி தடைப்படுவதால், ஒரு கேள்வியைக் கேட்டு, உள்வாங்கி, விடையைத் தேடி, எழுதி முடிக்க அதிக நேரம் தேவைப்படுகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வகுப்புத் தோழர்களுக்கும் அவனுக்கும் இடையே தூரம் சிறிது சிறிதாகக் கூடியது. முதல் வகுப்பில் தெரியாத வேறுபாடு ஐந்தாம் வகுப்பில் தெரிந்தது. "சிகிச்சை முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சே, இப்ப எதுக்கு எக்ஸ்ட்ரா டைம்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நோய் முடிந்தால் பாதிப்பும் குறைந்துகொண்டே போகும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். இங்கே அது நேர்மாறாக வருகிறது. அக்கா மறுபடியும் நோட்டை எடுத்தாள். வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்குக்கு எவ்வளவு நேரம், சொல்வதைக் கேட்டு எழுதினால் எவ்வளவு, பார்த்து எழுதினால் எவ்வளவு என்று குறித்து எடுத்துக்கொண்டு போனாள். நரம்பு உளவியல் நிபுணர் செய்த பரிசோதனையும் அதையே காட்டியது. பலகையிலிருந்து பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள், தேர்வில் கூடுதல் நேரம், முன் வரிசையில் இடம் என்று மூன்றும் கிடைத்தன. சாதாரணமானவைதான், ஆனால் அவன் மாலையில் அழுவது நின்றது.

முன் வரிசை காதுக்காகவும் வேண்டியிருந்தது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து உட்செவியின் மெல்லிய செல்களைக் கொன்றுவிடும். முதலில் மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள்தான் போகும் என்பதால் குழந்தை பேச்சைக் கேட்பதுபோலவே இருக்கும், ஆனால் சத்தம் நிறைந்த வகுப்பறையில் சொற்கள் பிரிந்து கேட்காது. கவனக்குறைவு என்று பெயர் வாங்கும். இந்தச் சேதத்தைக் குறைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்துக்கு, பரவாத திடக் கட்டிகள் உள்ள குழந்தைகளுக்காக, 2022-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து அதைச் செலுத்துகிறார்கள். இது போன்ற ஆய்வுகளுக்குச் செய்தித்தாள்களில் இடம் கிடைப்பதில்லை. உயிரைக் காப்பாற்றும் மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு இணையாக, காப்பாற்றப்பட்ட உயிர் எப்படி வாழ்கிறது என்பதை ஆராய்வதும் முக்கியம் என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன்.

பெற்றோரை அரித்துத் தின்னும் இன்னொரு கேள்வி உண்டு: எதனால் வந்தது? கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதா, கைப்பேசியா, ஒருநாள் கட்டிலிலிருந்து விழுந்தானே அதுவா? தலையில் அடிபடுவது மூளைக் கட்டியை உண்டாக்குவதில்லை. கைப்பேசியைப் பற்றி 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தப்பட்ட மோபி-கிட்ஸ் என்ற பெரிய ஆய்வு, அதற்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டவில்லை. அயனியாக்கும் கதிர்வீச்சும், சில பரம்பரை மரபணுக் கோளாறுகளும் மட்டுமே உறுதியான காரணங்கள். மெடுல்லோபிளாஸ்டோமா வந்த குழந்தைகளில் அத்தகைய பிறவி மரபணு மாற்றம் உள்ளவர்கள் ஏறக்குறைய 20-ல் ஒருவர்தான். 2022-ல் வெளியான ஆய்வுகள், மூன்றாம், நான்காம் குழுக் கட்டிகளின் வேர் கருவில் சிறுமூளை உருவாகும்போதே, ரோம்பிக் லிப் என்ற சிறிய பகுதியில் வளர்ச்சி முதிராமல் நின்றுபோன செல்களில் இருப்பதைக் காட்டின. யாரும் எதையும் செய்ததாலோ செய்யத் தவறியதாலோ அல்ல. இதை மருத்துவர் படம் வரைந்து விளக்கிய பிறகுதான் அக்கா தன் கர்ப்ப காலத்தை நாள் நாளாகப் புரட்டிப் பார்ப்பதை நிறுத்தினாள்.

அதே வார்டில் மூளைத்தண்டில் கட்டி வந்த ஒரு சிறுமி இருந்தாள். மூச்சையும் விழுங்குவதையும் கண்ணசைவையும் நடத்தும் நரம்புகளுக்கு நடுவே, எங்கே கட்டி முடிகிறது எங்கே மூளை தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி இழையோடி வளரும் இந்தக் கட்டிக்கு டி.ஐ.பி.ஜி. என்று பெயர். அறுவை செய்ய முடியாது. நிலாவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் இந்த நோயால்தான், மூன்று வயது நிறைவதற்குள், 1962 ஜனவரி 28 அன்று இறந்தாள். அவளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் முதல் சிகிச்சை அதே கதிர்வீச்சுதான். அது சில மாதங்களுக்கு அறிகுறிகளைத் தணிக்கும். நோய் கண்டறிந்ததிலிருந்து பாதிக் குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அந்தச் சிறுமியின் தந்தைக்கு இவை எல்லாம் தெரியும். அவர் அக்காவிடம் பேசும்போது எங்கள் பிள்ளையின் நிலையைக் கேட்டு மனமார மகிழ்ந்தார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

இந்த நோயின் ஆராய்ச்சி பல ஆண்டுகள் நகராமல் கிடந்ததற்கு ஒரு காரணம், ஆராய்வதற்குக் கட்டித் திசுவே இல்லாமல் போனது. ஸ்கேன் பார்த்தாலே நோய் தெரிந்துவிடுவதாலும், பயாப்ஸி ஆபத்து என்று கருதப்பட்டதாலும், யாரும் ஊசி வைத்து எடுக்கவில்லை. பெரியவர்களின் மூளைக் கட்டிக்கான மருந்துகளையே மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், எதுவும் பலிக்கவில்லை. இந்த நிலையை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள், குழந்தை இறந்த சில மணி நேரத்துக்குள் அதன் கட்டியை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்த பெற்றோர். பாரிஸில் மருத்துவர்கள் பயாப்ஸியைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். இப்படிச் சேர்ந்த திசுக்களிலிருந்து, 2012-ல் இரண்டு குழுக்கள், டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் ஒரே ஓர் இடத்தில் நேரும் மாற்றம் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை என்று கண்டுபிடித்தன. பெரியவர்களின் மூளைப் புற்றுநோயின் சிறிய வடிவம் இது என்ற எண்ணம் அத்துடன் முடிந்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலேயே அந்த மாற்றத்தின் பெயரால் இது தனி நோயாகப் பதிவாயிற்று.

ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் ஆய்வகம் அப்படி ஒரு குழந்தையின் தானத்திலிருந்து உயிருள்ள செல்களை வளர்த்தெடுத்தது. அந்தச் செல்களின் மேற்பரப்பில் ஜி.டி.2 என்ற சர்க்கரை மூலக்கூறு செறிந்திருப்பது பிறகு தெரியவந்தது. அதைத் தேடித் தாக்கும்படி நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களை மாற்றியமைக்கும் கார்-டி சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. 2024-ல் வெளியான முதற்கட்டச் சோதனையின் முடிவில், சிகிச்சை பெற்ற 11 பேரில் நால்வருக்குக் கட்டி பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது. அவர்களில் ஒருவருக்கு ஸ்கேனில் கட்டியே தெரியாமல் இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. 2025 ஆகஸ்டில், டோர்டாவிப்ரோன் என்ற மாத்திரைக்கு, இதே ஹிஸ்டோன் மாற்றம் கொண்ட கட்டி சிகிச்சைக்குப் பின்னும் வளரும் நிலையில் உள்ள ஒரு வயதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்காக, அமெரிக்கா துரித ஒப்புதல் அளித்தது. சோதனையில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல் மட்டுமே கட்டி சுருங்கியது. குணமாக்கும் மருந்து என்று இதை யாரும் சொல்லக்கூடாது. ஆனாலும் இந்த நோய்க்கென்றே ஒரு மருந்து என்பது அதற்கு முன் இருந்ததில்லை.

மெதுவாக வளரும் கட்டிகளில் முன்னேற்றம் இதைவிடத் தெளிவானது. பிராஃப் என்ற மரபணுவின் கோளாறால் வளரும் குழந்தைக் கட்டிகளுக்கு 2023-லும் 2024-லும் வாய்வழி மருந்துகள் ஒப்புதல் பெற்றன. ஆனால் மாத்திரை இருக்கிறது என்பதும் அது குழந்தையின் கைக்கு வருகிறது என்பதும் வேறு வேறு. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வசதியான நாடுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் மூவரில் ஒருவருக்கும் குறைவு. 2030-க்குள் எல்லா நாடுகளிலும் குறைந்தது 60 சதவீதம் பேர் பிழைக்க வேண்டும் என்று 2018-ல் அந்த நிறுவனம் வகுத்த இலக்கில், முன்னுரிமை பெற்ற ஆறு நோய்களில் இந்த மெதுவாக வளரும் மூளைக் கட்டியும் ஒன்று. காலத்தில் ஸ்கேன், கட்டியை எடுக்கத் தெரிந்த ஒரு கை, திசுவைச் சரியாகப் படிக்கும் ஒரு கண் இருந்தாலே பெரும்பாலும் குணமாகும் நோய் அது என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததன் காரணம்.

நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் தங்கை அப்போது என்னிடம்தான் இருந்தாள். மாதக்கணக்கில் அவள் எதற்கும் அடம்பிடிக்கவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு நாள் இரவு, "சித்தி, எனக்கும் கட்டி வந்தா அம்மா என்கூட இருப்பாங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு மட்டுமாக அவள் அம்மா வீட்டுக்கு வருவது என்று வைத்துக்கொண்டோம், அந்த நாளில் மருத்துவமனையில் நான் இருப்பேன்.

இப்போது அவன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். ஒரு தாளை அக்கா பல ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறாள். அறுவை நடந்த தேதி, கட்டியின் வகை, தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் சென்ற கதிர்வீச்சின் அளவு, ஒவ்வொரு கீமோ மருந்தின் பெயரும் மொத்த அளவும், தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன், காது, கண் பரிசோதனைகளின் முடிவுகள் எல்லாம் அதில் உண்டு. சிகிச்சை முடியும் நாளிலேயே இப்படி ஒரு சுருக்கத்தை எழுதித் தரும்படி எல்லாப் பெற்றோரும் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் குழந்தைகளுக்கான பிரிவிலிருந்து பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும்போது பழைய கோப்புகள் கூடவே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் பின்விளைவுகள் கூடவே போகும். சென்ற பரிசோதனையின்போது அந்தத் தாளை மருத்துவரிடம் அவனே எடுத்துக் கொடுத்தான். அதன் பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் மூன்று கேள்விகளை எழுதி வைத்திருந்தான்: வளர்ச்சி ஹார்மோன் ஊசியை எப்போது நிறுத்துவீர்கள், காதுக் கருவியோடு இசைக்குழுவில் தாளம் வாசிக்கலாமா, தலைக்குப் போன கதிர்வீச்சால் பின்னாளில் வேறு கட்டி வர எவ்வளவு வாய்ப்பு, அதை எப்படிக் கண்காணிப்பீர்கள்? மருத்துவர் நாற்காலியை அக்காவின் பக்கத்திலிருந்து அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மூன்றாவது கேள்வியிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினார்.